கொம்புல கெடந்த ஒத்தைத் துண்டு

கண்ணு,

மல்லசமுத்திரத்துல இருந்து உன்ற அய்யன் எழுதறேன். எல்லாரும் சௌக்கியம்னு ஆரம்பிக்கத்தான் கை போவுது. பாதிரியார் பள்ளிக்கூடத்துல எனக்குக் கத்துக் குடுத்த கடுதாசி அப்படித்தான் ஆரம்பிக்கும். ஆனா இந்த ஊட்டுல இப்ப சௌக்கியமா இருக்கறது கட்டுத்தறியில நிக்கிற எருமை மட்டுந்தான். உங்க ஆத்தா எங்கூடப் பேசறதில்லை. சோத்தை வெச்சுட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிடறா. நீ சங்ககிரிக்கு, உன்ற மாமனார் ஊட்டுக்குப் போனவன் போனவன்தான். ரெண்டு தடவை ஆள் தாட்டி விட்டேன். ஒடம்பு சரியில்லைன்னு சொல்லி அனுப்பிச்சே. உனக்கு ஒடம்புல ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியும். எனக்கு என்ன நோவோ அதேதான் உனக்கும். நேர்ல வந்தா நீயும் பேச மாட்டே, நானும் கண்டதையும் கத்திப் போடுவேன். அதனாலதான் எழுதறேன், பொறுமையாப் படி. நடுவுல கிழிச்சுப் போட்டுறாதே.

நீ மேஸ்திரி ஆனப்ப உனக்கு நான் புத்தி ஒண்ணும் சொல்லலை. சொல்லோணும்னு தோணலை. கெணறு வெட்டற செட்டுல மேஸ்திரின்னா என்னன்னு நீ பொறந்ததுல இருந்து பார்த்துட்டுத்தான் இருக்கறே. புதுக் கெணத்துக்கு மண்வெட்டி போடறதுக்கு முன்னால நாம மேட்டுல என்ன பண்ணுவோம்? கவைக்கொம்பு ஒண்ணை நடுவோம். உள்ளே எறங்கறவன் எவனா இருந்தாலும் தலைத்துண்டை அவுத்துக் கொம்புல போட்டுட்டுத்தான் எறங்கோணும். மேல வந்ததும் அவனவன் துண்டை அவனவனே எடுத்துக்கோணும், இன்னொருத்தன் கை வெக்கக்கூடாது. பாறைக்கு வேட்டு வெக்கறப்போ மேஸ்திரி கொம்பைப் பார்க்கோணும், அப்புறந்தான் தன் துண்டைப் போட்டுட்டுத் தீயோட எறங்கோணும். கொம்புல ஒத்தைத் துண்டு கெடந்தா அது தீ வெக்கப் போனவனோடது. அதுக்கு மேல கெடந்தா நெருப்பு பெட்டிக்குள்ளதான் இருக்கோணும். எறங்கறதுல யாரு மொதல்ல போனாலும் சரி, ஏறி வர்றதுல மேஸ்திரிதான் கடைசி. நம்ம தொழில்ல மேஸ்திரிக்கு இருக்கற மரியாதையெல்லாம் அந்தக் கடைசிக் காலுக்குத்தான். கூலி கொஞ்சம் கூட வாங்கறோம்னு எவனும் கும்புடறதில்லை.

எதுக்கு இந்தத் துண்டு வழக்கம்னு நீ சின்னதுல கேட்டிருக்கறே. கெணத்துக்குள்ள இருந்து வர்ற சத்தத்தை நம்ப முடியாது. ஒருத்தன் கூப்பிட்டா நாலு பேரு கூப்பிட்ட மாதிரி கேக்கும். போதாக்கொறைக்கு வேட்டுச் சத்தத்துலயே பொழைச்சவனுக்குக் காது எத்தனை நாளைக்கு இருக்கும்? என்ற வலது காது போயி எத்தனையோ வருசமாச்சு. உங்க ஆத்தா அந்தப் பக்கமா உக்காந்துதான் என்னைத் திட்டுவா. காது பொய் சொல்லும், கொம்பு சொல்லாது. அதனாலதான் அந்த வழக்கம். நம்ம செட்டுச் செங்கோடனுக்கு வயித்து வலி வந்த நாள் உனக்கு மறந்துருச்சா?

மறந்திருக்காது. அன்னைக்கு அத்தனை பேர்த்துலயும் நீதான் சத்தமாச் சிரிச்சே. எல்லாரும் மேல வந்தாச்சு, மருந்தும் கெட்டிச்சாச்சு, என்ற துண்டை நான் இன்னும் போடலை, ஆனா கொம்புல ஒரு துண்டு கெடக்குது. நான் எறங்க மாட்டேன்னுட்டேன். பண்ணாடி, அந்தத் தோட்டத்துக்காரரு, குதிக்கறாரு. தண்ணி ஊறி மருந்து நனைஞ்சா ஒரு நாள் பொழப்பு போச்சேன்னு செட்டுல எல்லாரும் மொணங்கறாங்க. செங்கோடன் துண்டுங்க அது, அவன் வயித்து வலின்னு அப்பவே ஊட்டுக்குப் போயிட்டானுங்க, துண்டை மறந்துட்டானுங்கன்னு சொல்றாங்க. யாரு பார்த்தான்னு கேட்டேன். எவனும் நெஞ்சைத் தொட்டு நான் பார்த்தேன்னு சொல்லலை. ஆள் உட்டு அவனைக் கூட்டியாரச் சொன்னேன். வயித்தைப் புடிச்சுட்டு, கண்ணுல தண்ணி வடிய, ரெண்டு பேரு தாங்கலா அவனைக் கூட்டியாந்தாங்க. அவன் கையாலயே துண்டை எடுக்க வெச்சு அப்புறந்தான் எறங்கினேன். சந்தையில, போற எடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் செங்கோடன் தெனமும் காத்தால என் மூஞ்சிக்கு முன்னால துண்டை ஒரு ஒதறு ஒதறிட்டு, மேஸ்திரி நல்லாப் பார்த்துக்கோங்க, போட்டுட்டேனுங்கன்னு நையாண்டி பண்ணிட்டுத்தான் எறங்குவான். அந்த ஆளைத்தான் நீ துண்டு போடாதவன்னு சொல்லியிருக்கறே.

இரு, கோவத்துல அவசரப்படறேன். நடந்ததை வரிசையாச் சொல்லோணும். நீ மறுபடியும் அதை என் கண்ணால பார்க்கோணும்.

யுத்தம் வந்ததுல இருந்து வேட்டு மருந்து கெடைக்கறது குதிரைக்கொம்பா இருக்குது. தாலூக்கா கச்சேரிக்கு நடையா நடந்து நீ பர்மிட்டு வாங்கினே. இந்தச் சுத்து வட்டாரத்துலயே மருந்து இருக்கற செட்டு நம்ம செட்டு மட்டுந்தான்னு ஆச்சு. அதுக்கப்புறந்தான் நீ சட்டை போட ஆரம்பிச்சே. கச்சேரிக்குப் போறதுக்குன்னு வாங்கின சட்டையும் காக்கித் தொப்பியும் கெணத்து மேட்டுக்கும் வந்துது. தலையில துண்டு போச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லப்போனா எனக்குப் பெருமையாத்தான் இருந்துது. என்ற மகனைப் பார்த்தா ஓவர்சியர்னு நெனைச்சு எடம் உடறாங்கன்னு உங்க ஆத்தாகிட்டச் சொல்லிச் சிரிச்சேன்.

செங்கோடன் அடிபட்ட அன்னைக்குப் பண்ணாடி ஊட்டு ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம் கெணறு பார்க்க வந்திருந்தாங்க. ஊத்துக்கண் தெரியப் போவுதுன்னு என்னையும் வரச் சொல்லியிருந்தாரு. நான் வந்தப்போ செட்டு ஆளுங்க ஏறிக்கிட்டு இருந்தாங்க. நீ ஒரம்பரைங்களுக்குப் பாறை எந்தப் பக்கம் ஓடுதுன்னு கையைக் காட்டிச் சொல்லிட்டு இருந்தே. பொழுது சாயறதுக்குள்ள வேட்டைப் போடுப்பான்னு பண்ணாடி சொன்னாரு. நீ திரும்பிக் கொம்பைப் பார்த்தே. பார்த்தேங்கறதை நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். ஒத்தைத் துண்டு கெடந்துது. நானும் பார்த்தேன். எல்லாரும் மேல வந்தாச்சான்னு கேட்டே. வந்தாச்சுங்கன்னு ஒரு கொரல். அந்தக் கொரல் யாரோடதுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான். வந்தாச்சுங்கற பேச்சுல ஆளே இல்லை பாரு. யாரு வந்தா, யாரு பார்த்தா, ஒண்ணும் இல்லை. நீ தீக்குச்சியோட எறங்கினே.

ஒத்தைத் துண்டுன்னா தீ வெக்கறவன் துண்டு. பாறைக்கெணத்துல பொழைச்ச நம்ம கண்ணு ரெண்டும் அப்படித்தான் பழகியிருக்குது. நீ அதை உன்றதுன்னு நெனைச்சே. நானும் உன்றதுன்னுதான் நெனைச்சேன். உனக்குத் துண்டே இல்லைங்கறது நம்ம ரெண்டு பேருக்கும் அந்த நேரத்துல புத்தியில ஏறலை. உன்ற தலையில தொப்பி இருந்துது. அதைக் கழட்டாமயே எறங்கிட்டே.

செங்கோடன் பக்கத்துப் பொடவுக்குள்ள, அந்தப் பாறைச் சந்துல, மாட்டிக்கிட்ட கடப்பாறையை ஆட்டி ஆட்டி எடுத்துட்டு இருந்திருக்கறான். நீ திரி பத்த வெச்சது அவனுக்குத் தெரியலை. நீ மேல வந்து வேட்டு வேட்டுன்னு கத்தினதும் பதறிப்போயி வெளிய ஓடியாந்திருக்கறான். பொடவுக்குள்ளயே இருந்திருந்தா காலு மிஞ்சியிருக்கும். பொகை அடங்கறதுக்கு முன்னால அவன் சத்தம் கேட்டுது, எனக்கே கேட்டுது. எல்லாரும் கெணத்துக்குள்ள ஓடினாங்க. நீதான் எல்லாத்துக்கும் முன்னால ஓடினே, அதை இல்லைன்னு நான் சொல்லலை. அவனைத் தூக்கி மேல கொண்டாந்தப்போ ரத்தம் நிக்காம போவுது. கட்டறதுக்குத் துணி வேணும். என்ற கைக்கு எட்டினது அந்தக் கொம்புதான். துண்டை உருவி அவன் முட்டிக்கு மேல இறுக்கிக் கட்டினேன். கட்டறப்போ கையில ஒரு முடிச்சு தட்டுப்பட்டுது. முந்தியில பொகையிலை முடிஞ்சிருந்துது. உன்ற துண்டுல எதுக்குடா பொகையிலைன்னு ஒரு நிமிசம் உன்னைத் திட்டக்கூடச் செஞ்சேன். அப்புறந்தான் உன்ற தலையில தொப்பியைப் பார்த்தேன். அது செங்கோடனோட துண்டு.

அப்பத்தான் பண்ணாடி வந்து கேட்டாரு, ஏப்பா மேஸ்திரி, கொம்புல துண்டு கெடந்துச்சா இல்லையான்னு. எல்லாரும் கொம்பைப் பார்த்தாங்க. கொம்பு மொட்டையா நின்னுது. நீ சொன்னே.

“இல்லீங்க பண்ணாடி. அவன் துண்டு போடவே இல்லீங்க.”

சொல்லிட்டு என்னைப் பார்த்தே. நான் அந்தத் துண்டோட முடிச்சைக் கையில புடிச்சுட்டு மண்டி போட்டு உக்காந்திருக்கறேன். வாயைத் தொறக்கலை. காய்ச்சல் கண்டு படுத்திருந்தப்போ சின்னதுல என்னை ஒரு பார்வை பார்ப்பே, மருந்து வேண்டாம்னு சொல்லச் சொல்லி. அதே பார்வை. பெரிய மேஸ்திரியே பக்கத்துல இருந்து ஒண்ணும் சொல்லலையேன்னு பண்ணாடி தலையை ஆட்டிக்கிட்டாரு. பொய்யைச் சொன்னவன் நீ. அதை ஊர் நம்பறதுக்கு நான் உக்காந்து குடுத்தேன். அன்னையில இருந்து நான் அந்த எடத்தை உட்டு எந்திரிக்கலைன்னுதான் எனக்குத் தோணுது.

ஒண்ணு கேளு. நீ உண்மையைச் சொல்லியிருந்தா அன்னைக்கு யாரு உன்னை என்ன பண்ணியிருப்பாங்க? துண்டு கெடந்துதுங்க, என்றதுன்னு நெனைச்சுட்டேனுங்க, தப்பு என்றதுங்கன்னு சொல்லியிருந்தா செட்டுல ஒருத்தன் உன்னைத் திட்டியிருப்பான், பண்ணாடி கத்தியிருப்பாரு, செங்கோடன் ஊட்டை நம்ம ஊடு பார்த்துக்கிட்டு இருந்திருக்கும். வழக்கம் அதுதானே. மேஸ்திரி தப்புல அடிபட்டவன் ஊட்டுல ஒலை வெக்கறது மேஸ்திரி கடமை. தப்பு எவனுக்கும் வரும். கவைக்கொம்பு நடறதே நமக்குத் தப்பு வரும்னு தெரிஞ்சுதானே? ஆனா மேல இருக்கறவன் தன் தப்பைக் கீழ இருக்கறவன் தலையில எறக்கி வெச்சான்னா, அந்தச் செட்டுல நாளைக்கு எவன் எதை நம்பிக் கெணத்துக்குள்ள எறங்குவான்? துண்டு போட்டவனையே போடலைன்னு சொல்லலாம்னா, அப்புறம் கொம்பு எதுக்கு? புடுங்கி அடுப்புல வெச்சுக்கலாம்.

இப்ப அங்க என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதானே சங்ககிரியில போயி உக்காந்துட்டே. செங்கோடனுக்குச் சேலம் ஆஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. காலு போனதுக்கு அவன் அழுவலையாம். துண்டு போடாதவன்னு பேரு வந்துருச்சேன்னுதான் அழுவறானாம். அவன் தம்பி எடப்பாடிப் பக்கம் ஒரு செட்டுல வேலை கேட்டுப் போயிருக்கறான். நீ அந்தத் துண்டு போடாதவன் தம்பிதானே, உன்னை உள்ள எறக்கி உட்டுட்டு நாங்க தூங்க முடியாதுன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாங்களாம். காலு ஒருத்தனோட போச்சு. பேரு குடும்பத்தோட போவுது.

என்னைச் சுத்தி எல்லாக் கதவையும் சாத்தி வெச்சிருக்கறாங்க. செட்டு ஆளுங்க வந்தாங்க. பர்மிட்டு போச்சுன்னா எங்க பொழப்பும் போச்சுங்க பெரிய மேஸ்திரி, யுத்தம் முடியற வரைக்கும் வேற எங்கயும் மருந்து இல்லீங்க, பார்த்துப் பேசுங்கன்னு கும்புட்டாங்க. பண்ணாடி வந்தாரு. கெணறு அரைகொறையா நிக்குதப்பா, இருக்கறதை இருக்கற மாதிரியே உட்டுருன்னாரு. உன்ற மாமனார் ஆள் தாட்டி விட்டாரு. உங்க மருமக முழுகாம இருக்கறா, மனசு நோகாமப் பார்த்துக்கோங்கன்னு. உங்க ஆத்தா மட்டும் ஒண்ணும் சுத்தி வளைக்கலை. என்ற மகனைக் காட்டிக் குடுத்தா இந்த ஊட்டுல எனக்குச் சோறு ஆகாதுன்னா, அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு நாயம் வெச்சிருக்கறாங்க, எல்லாம் நாயமாத்தான் இருக்குது. எவனையும் என்னால திட்ட முடியலை. தின்னு தூங்கி எந்திரிக்கறேன், நாக்குல மட்டும் ஒரு கல்லு.

இத்தனைக்கும் நடுவுல போன ஞாயித்துக்கெழமை பாவாயி வந்தா. செங்கோடன் பொண்டாட்டி. சண்டை போட வந்தான்னு உங்க ஆத்தா வாசல்லயே மறிச்சா. அவ சத்தமே போடலை. மடியில இருந்து ஒரு துண்டை எடுத்தா. தொவைச்சுக் காய வெச்சு மடிச்சிருந்தா. ரத்தக்கறை போவலை, மங்கலா இருந்துது. என்ற முன்னால வெச்சுட்டுக் கேட்டா.

“மாமா, அடிபட்டப்ப அவரு தலையில துண்டு இல்லை, இடுப்புலயும் இல்லைன்னு தூக்கினவிய சொல்றாங்க. ஆஸ்பத்திரியில அவரு கால்ல இருந்து இதை அவுத்து என்ற கையில குடுத்தாங்க. நீங்கதான் கட்டுனீங்களாம். இதை எங்கிருந்துங்க மாமா எடுத்தீங்க?”

வேற ஒண்ணும் கேக்கலை. சோத்துக்கு வழி பண்ணுன்னு கேக்கலை, உன்ற பேரை எடுக்கலை. நான் அவ மொகத்தைப் பார்க்காம, எந்தக் காதுல கேக்காதோ அந்தக் காதைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். செவிடனாப் போனதுக்கு அன்னைக்கு ஒரு நாள் சந்தோசப்பட்டேன்னா என்ற நெலைமையைப் பார்த்துக்கோ. ஞாவகம் வந்தாச் சொல்லுங்க மாமான்னு துண்டை அங்கயே வெச்சுட்டுப் போயிட்டா. அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்ங்கறதும் அவளுக்குத் தெரியும். உங்க ஆத்தா அந்தத் துண்டைத் தொடவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. அதைச் சுத்திக் கூட்டிப் பெருக்கறா.

வர்ற வெள்ளிக்கெழமை சாவடியில மணியக்காரர் விசாரிக்கறாரு. உனக்கும் சொல்லி அனுப்பிச்சிருப்பாங்க. அவரு எழுதறதுதான் தாலூக்காவுக்குப் போவும். மொதல்ல மேஸ்திரியைக் கேப்பாரு, அப்புறம் கூட இருந்தவன்னு என்னைக் கேப்பாரு. அந்த வரிசையை மட்டும் நெனைச்சுக்கோ, வேற ஒண்ணும் வேண்டாம். பாவாயி குடுத்த துண்டு என்ற மடியில இருக்கும். நீ மொதல்ல எந்திரிச்சு, துண்டு கெடந்துதுங்க, நான்தான் தப்பாப் பார்த்தேனுங்கன்னு சொல்லிட்டீன்னா, நான் எந்திரிச்சு, என்ற மகன் சொல்றது நெசமுங்க, நானும் பார்த்தேனுங்க, அன்னைக்கு வாய் தொறக்காதது என்ற தப்புங்கன்னு சொல்லிட்டு உக்காந்துக்குவேன். நீ பழையபடி இல்லீங்கன்னு சொன்னா, நான் துண்டை விரிச்சுக் காட்டி, இதைக் கொம்புல இருந்து நான்தானுங்க உருவினேன்னு சொல்லுவேன். ரெண்டுலயும் நான் சொல்லப் போறது ஒண்ணுதான். ஒண்ணுல நான் உனக்குச் சாட்சி, இன்னொண்ணுல உன்னைக் காட்டிக் குடுத்தவன். எதுவா இருக்கோணும்னு முடிவு பண்ற எடத்துல நான் இல்லை. நீதான் இருக்கறே.

பர்மிட்டு போனாலும் போவும். சட்டையைக் கழட்டி வெச்சுட்டு நீ மறுபடியும் மண்ணுதான் சொமக்கோணும்னு வந்தாலும் வரும். இல்லைன்னு நான் பொய் சொல்லி உன்னைக் கூப்பிடலை. உன்ற கொழந்தை பொறக்கற நேரத்துல ஊட்டுல கஞ்சிதான் இருக்கும்னாலும் இருக்கட்டும். பயமாத்தான் இருக்குது எனக்கு, உன்னை விட அதிகமா. அடுத்த வேளைக்கு ஒலை எங்க வெக்கறதுன்னு தெரியாம இதை எழுதறேன்.

கடுதாசியோட ஒரு துண்டு மடிச்சு வெச்சிருக்கறேன். செங்கோடனோடது இல்லை, பயந்துறாதே. உன்றதுதான். நீ தொப்பி வாங்கினப்போ அவுத்துப் போட்டது. பெட்டியில பத்திரமா வெச்சிருந்ததை உங்க ஆத்தாவே எடுத்துக் குடுத்தா. வெள்ளிக்கெழமை வர்றப்போ அதைத் தலையில கட்டிட்டு வா.

ஏறி வர்றதுல மேஸ்திரிதான் கடைசின்னு எழுதினேனே, ஞாவகம் இருக்குதா? செங்கோடன் இன்னும் உள்ளதான் இருக்கறான் சாமி. நானும் உள்ளதான் இருக்கறேன். எங்களை ஏத்தி உட்டுட்டு நீ வா.

அய்யன்